செங்கல்லும் இரண்டு விரலும்

மலையடிவாரத்தில் செவத்தியான் மாஸ்டருக்கு ஒரு பட்டறை இருந்தது. ஜீப்புக்கும் லாரிக்கும் பட்டை கட்டுகிற பட்டறை. வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள், நீளமானதுக்கு அடியில் குட்டை, அதற்கு அடியில் இன்னும் குட்டை என்று அடுக்கடுக்காக, வண்டியின் கனத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு கிடக்குமே, அந்தப் பட்டை.

அந்தப் பட்டறையில் குருவை விட சீடருக்கு வயது கூட.

சீடர் பெயர் வீரணன். மாட்டுச் சந்தையில் தரகு பார்த்துத் தலையெடுத்தவர். துண்டுக்கு அடியில் எதிராளியின் விரலைப் பிடித்தாரென்றால் அவன் மனசில் வைத்திருக்கும் விலை மட்டுமில்லை, வீட்டில் நடந்த சண்டையும் தெரிந்துவிடும் என்பார்கள். படித்தது எல்லாம் அடிபட்டுப் படித்தது. கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். தரகை விட்டதும் ஒரு பழைய ஜீப்பை வாங்கி, மலைத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றினார்.

அந்த ஜீப்புக்குப் பட்டை ஒடிந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே கிடக்கிற நீளப் பட்டை, மெயின் பட்டை, அதுதான் ஒடியும். மாஸ்டர் புதுசு போட்டுக் கொடுப்பார். மறுபடியும் ஒடியும். ஒருநாள் ஒடிந்த துண்டோடு வந்து பட்டறை வாசலில் நின்று வீரணன் சத்தம் போட்டார்.

"நீ இரும்பு விக்கிறியா, அப்பளம் விக்கிறியா?"

மாஸ்டர் கையிலிருந்த சம்மட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப நீங்களே கட்டிப் பாருங்கண்ணே."

கோபத்தில் வாங்கிய சம்மட்டி. கீழே வைக்க ரோஷம் விடவில்லை. வீரணன் சீடரானது அப்படித்தான்.

அதற்குப் பிறகு சீடர் குருவை "மாஸ்டர்" என்றார், குரு சீடரை "அண்ணே" என்றார். டீக் கொண்டுவருகிறவர் முதல் டம்ளரை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாக நீட்டுவார்.

ஒரு ஐப்பசி. மழை ஒரு பாட்டம் பெய்து ஓய்ந்திருந்தது. ஜீப்பைப் பட்டறைக்குள் வேகமாக விட்டு, இறங்குவதற்கு முன்பே வீரணன் பேச ஆரம்பித்தார்.

"மாஸ்டர், வண்டியை உசத்தணும்."

"எதுக்கு?"

"ஏழுசுனைப் பாதையில ஒரு கல்லு மொளச்சிருக்கு."

ஏழுசுனை மலைமேல் இருக்கும் ஊர். அங்கேதான் வீரணனின் மகள் பேச்சியைக் கட்டிக்கொடுத்திருந்தது. நிறைமாசம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், வரும்போது வண்டி தூக்கிப் போடக் கூடாது என்று நர்சம்மா சொல்லியிருந்தார். ஆள் வைத்துத் தூக்கிவரும் டோலியில் ஏற மாட்டேன் என்கிறாள் பேச்சி. போன மழைக்கு மாமியாரின் தங்கையை டோலியோடு வழுக்கிப் போட்டதைக் கண்ணால் பார்த்தவள்.

"நேத்துப் போனேன். மண்ணெல்லாம் அடிச்சுட்டுப் போயி, வளைவுல நட்டநடுப் பாதையில நிக்குது. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல விட்டா, பின் அச்சுக் குடம் போயி நச்சுன்னு உக்காந்துருது. சக்கரம் சும்மா சுத்துது."

பின் அச்சுக்கு நடுவில், பல்சக்கரங்களை உள்ளே வைத்து மூடிய இரும்பு உருண்டை ஒன்று தொங்கும். அதைத்தான் குடம் என்றார்.

"உடைக்க முடியாதா?"

"சம்மட்டி போட்டேன். சம்மட்டிதான் எகிறுது. அது கல்லு இல்ல மாஸ்டர், மலையோட முதுகெலும்பு."

"சக்கரத்தைக் கல்லு மேலயே ஏத்துறது?"

"அதையும் பண்ணியாச்சு. ஒரு சக்கரம் கல்லுல ஏறுச்சுன்னா, மலையோரச் சக்கரம் வாய்க்காலுக்கு மேல அந்தரத்துல தொங்குது. பிடிமானம் போயி வண்டி பள்ளத்துப் பக்கமா வழுக்குது. உள்ள இருந்த ஆளுக்கு ஈரக்கொலை நடுங்கிப்போச்சு."

"யாரு உள்ள இருந்தது?"

வீரணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"நாந்தான்."

பிறகு பின்னால் போய், வண்டியிலிருந்து சரக்கை இறக்கினார். புதுப் பட்டைகள். பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கொடுக்கிற இரும்புக் கட்டைகள். நீள நீள போல்ட்டுகள். எல்லாம் டவுனில் பேரம் பேசி வாங்கியவை. விற்றவன் கடைசியில் கும்பிட்டானாம்.

"டவுன்ல சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கு ஓட்டுற ஜீப்பெல்லாம் பார்த்தீங்கள்ல? ஒட்டகம் மாதிரி நிக்குது. அப்படி நிறுத்திட்டா அந்தக் கல்லு என்ன, அதோட அப்பனையும் தாண்டிரலாம். எப்படி உசத்துறதுன்னு மட்டும் சொல்லுங்க."

மாஸ்டர் எழுந்து போனார். மூலையில் கிடந்த செங்கல் ஒன்றை எடுத்துவந்தார். ஒரு முனை உடைந்த செங்கல். ஜீப்புக்கு அடியில் குனிந்து, குடத்துக்கு நேர் கீழே அதை நெட்டாக நிறுத்தினார்.

"செங்கல்லுக்கும் குடத்துக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு பாருங்கண்ணே."

வீரணன் கையை விட்டுப் பார்த்தார். "ரெண்டு விரல்."

"சந்தையில விரல் பொய் சொல்லுமா?"

"விரல் பொய் சொன்னா தரகன் மறுவாரம் சந்தைக்குள்ள கால் வைக்க முடியாது."

"சரி. உசத்துங்க."

வீரணன் அன்றைக்குப் பகல் முழுக்க உயிரைக் கொடுத்து வேலை செய்தார். நாலு சக்கரத்துக்கும் கல் அண்டை கொடுத்தார். அச்சும் சக்கரமும் நின்ற இடத்தில் நிற்க, ஜாக்கி வைத்து மேல் உடம்பை மட்டும் தூக்கி, பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கட்டைகளைக் கொடுத்து, பட்டை மேல் பட்டை அடுக்கி முறுக்கினார். மாஸ்டர் பக்கத்தில் ஒரு டிராக்டர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போல்ட்டு முறுக்க அவர் கேட்ட சாவியை எடுத்துக் கொடுத்தார்.

வெயில் தாழும்போது ஜாக்கியை இறக்கினார். ஜீப் நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளை ஊர்வலத்துக் குதிரை மாதிரி. டீக் கொண்டுவந்தவர் அண்ணாந்து பார்த்தார்.

"ஏறுறதுக்கு ஏணி தருவீங்களாண்ணே?"

"உனக்கு எதுக்கு ஏணி? நீ ஏறவே போறதில்ல" என்றார் வீரணன். முகமெல்லாம் சிரிப்பு. "மாஸ்டர், அரைச் சாண் உசந்துருச்சு. பார்த்துக்கங்க."

"நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. செங்கல்லை எடுங்க."

வீரணன் இப்போது அதிகம் குனியத் தேவையில்லாமல் உள்ளே போனார். செங்கல்லின் மேல் கையை வைத்தார். கை நின்றுவிட்டது.

இரண்டு விரல்.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். மூன்றாவது விரலைக் கொடுத்துப் பார்த்தார். ஏறவில்லை. வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது.

"என்னய்யா வேலை இது? செங்கல்லை மாத்தி வச்சிருக்க."

"பாருங்க."

மறுபடி போய்ப் பார்த்தார். முனை உடைந்த அதே செங்கல். அதே இடம். அதே இரண்டு விரல். தலைக்கு மேலே வண்டி அரைச் சாண் விலகிப்போயிருந்தது. குடம் அப்படியே இருந்தது.

வீரணன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"குடம் எதுல இருக்குண்ணே?" என்றார் மாஸ்டர்.

"அச்சுல."

"அச்சு எதுல நிக்குது?"

"சக்கரத்துல."

"பட்டை எங்க உக்காந்திருக்கு?"

"அச்சு மேல..."

சொல்லி முடிக்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. பட்டையை எவ்வளவு உயர்த்தினாலும் பட்டைக்கு மேலே இருப்பதுதான் உயரும். கல்லில் இடிப்பது பட்டைக்குக் கீழே.

ஜீப்புக்கு அடியிலிருந்தே கேட்டார்.

"இதைக் காலையிலயே சொல்லியிருந்தா என்ன?"

"சொன்னா பேரம் பேசுவீங்க."

வீரணன் வெளியே வந்தார். ஆனாலும் சந்தை ரத்தம் சும்மா இருக்குமா?

"சரி, பெரிய டயர் போட்டா? அப்ப அச்சும் உசரும்ல?"

"உசரும். திருப்புறப்ப டயர் பட்டையில முட்டும். அந்த வளைவுல உங்க வண்டி திரும்பாது."

"கொஞ்சமா பெரிய டயர்?"

மாஸ்டர் செங்கல்லைப் பார்த்தார். வீரணனும் பார்த்தார். பேரம் படியவில்லை.

"எம்மக மேல இருக்கா மாஸ்டர்" என்றார்.

"தெரியும்ணே. காலையில வாங்க. எல்லாத்தையும் கழட்டிருவோம்."

காலையில் கழற்றினார்கள். கட்டைகள் போயின. புதுப் பட்டைகள் போயின. மாஸ்டர் அதோடு நிறுத்தவில்லை. பழைய பட்டை அடுக்கையும் பிரிக்கச் சொன்னார். நடு போல்ட்டைத் தளர்த்தியதும் பட்டைகள் ஒன்றையொன்று விட்டு மூச்சு விட்டதுபோல் விரிந்தன. துருவும் மண்ணும் கொட்டின. சாக்கில் துடைத்து, நீளத்திலிருந்து குட்டை வரைக்கும் வரிசையாகத் தரையில் பரப்பினார்கள்.

ஒவ்வொரு பட்டையிலும், அதற்கு அடியில் இருந்த பட்டையின் நுனி பட்ட இடத்தில், ஒரு குழி விழுந்திருந்தது. கட்டைவிரலால் சந்தனத்தில் அழுத்தினாற்போல. சுற்றிலும் துரு, குழிக்குள் மட்டும் வெள்ளி மாதிரி மின்னியது. ஏறி இறங்கிய ஒவ்வொரு மேடும் பள்ளமும் அங்கே உரசிப் போயிருந்தது. அந்தப் பாதையில் வீரணன் இத்தனை வருஷம் ஓட்டியது எல்லாம் அந்தக் குழியில் இருந்தது.

கடைசியாக இரண்டு தடித்த பட்டைகள். அவை லாரிப் பட்டைகள். பலமாக இருக்கட்டும் என்று வண்டி வாங்கின புதிதில் வீரணனே வெட்டிப் போட்டவை.

"இதைப் பாருங்க மாஸ்டர்" என்றார் வீரணன். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமை வந்தது. "ஒரு கீறல் இல்ல. அடிச்ச பெயின்ட் அப்படியே இருக்கு. அசல் சரக்கு."

"ஆமா. தேயவே இல்லை."

மாஸ்டர் பட்டறைக்குப் பின்னால் கிடந்த பழைய இரும்புக் குவியலைக் காட்டினார்.

"உங்க வண்டியில ஒடிஞ்ச மெயின் பட்டையெல்லாம் அங்கதான் கிடக்கு. எடுத்துட்டு வந்து இதுக்குப் பக்கத்துல வைங்க."

வீரணன் எடுத்துவந்து ஒவ்வொன்றாக வைத்தார். முதல் துண்டு. அடுத்தது. அதற்கடுத்தது. வைக்க வைக்க அவர் கை மெதுவானது.

எல்லாத் துண்டும் ஒரே நீளம். அத்தனையும் ஒரே இடத்தில் ஒடிந்திருந்தன. அந்த இடத்துக்கு நேராகப் பார்த்தால், வளையாத லாரிப் பட்டையின் நுனி. அது எங்கே முடிந்ததோ அங்கே, அது வாங்காத கனத்தையும் சேர்த்து வாங்கி, மெயின் பட்டை ஒடிந்திருந்தது. ஒவ்வொரு தடவையும்.

அப்பளம் விற்கிறாயா என்று கேட்ட துண்டு கடைசியாக வந்தது. அதையும் வைத்தார். அதுவும் அதே நீளம்.

வீரணன் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே நின்றார். டீ ஆறிப்போனது.

பிறகு அவரே லாரிப் பட்டை இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் குவியலில் போட்டார்.

"வண்டியில எத்தனை பேரை ஏத்துவீங்கண்ணே?" என்றார் மாஸ்டர்.

"ஏறுறவங்களை எண்ணினா ஆகாது மாஸ்டர்."

"இனிமே எண்ணுங்க."

"ஒரு நாலு பேரு கூட..."

"அண்ணே."

"சரி, சரி. எண்ணுறேன்."

மதியத்துக்குள் துருவைச் சுரண்டினார்கள். நுனிகளை அரம் போட்டு உருட்டினார்கள். ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் கிரீஸ் தடவி, புது மெயின் பட்டை வைத்து வீரணன் கட்டினார். இறக்கிவிட்டுப் பார்த்தார். ஜீப் முன்பு நின்றதைவிடத் தாழ்ந்து நின்றது.

"மாஸ்டர், படுத்துருச்சே. இதை வச்சுக்கிட்டா அந்தக் கல்லைத் தாண்டுறது?"

"கையை விட்டுப் பாருங்க."

செங்கல் அங்கேயே நின்றது. இரண்டு விரல்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். வளைவுக்குக் கீழே மாஸ்டர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"நான் ஓட்டுறேன். நீங்க இறங்கிப் பின்னாடி நடந்து வாங்க."

"என் வண்டியை நீங்க ஓட்ட, நான் நடக்கவா?"

"இத்தனை வருஷமா மேலயே உக்காந்து போயிருக்கீங்க. அடியில பார்த்ததில்லைல."

வீரணன் இறங்கினார். முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வளைவு வந்தது. ஒரு பக்கம் மலை, அதை ஒட்டி மழை அறுத்த வாய்க்கால். மறுபக்கம் பள்ளம். நடுவில் அந்தக் கல், ஈரத்தில் கறுத்து, மாட்டுத் திமில் மாதிரி.

"குனிஞ்சு பாருங்கண்ணே" என்று குரல் வந்தது.

குனிந்தார்.

ஜீப் மலையோரமாக ஒதுங்கியது. கல்லை நடுவில் விடவில்லை. ஒரு சக்கரத்தை அதன் மேலேயே ஏற்றியது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் கல்லைத் தொட்டது. வீரணன் மூச்சை அடக்கிக்கொண்டார்.

கல் சக்கரத்தை மேலே தள்ளியது. அந்தப் பக்கத்துப் பட்டைகள் மெல்ல நிமிர்ந்தன. வில்லாக இருந்தவை நேர்கோடாயின. நேர்கோடும் தாண்டி, இரும்பு மறுபக்கமாக வளைந்தது. ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு, குட்டைப் பட்டை நீளப் பட்டைக்கு வழி விட்டு, இதற்கு அது வழி விட்டு. சத்தமே இல்லை. இந்தப் பக்கம் பார்த்தார். மலையோரச் சக்கரம் வாய்க்காலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதன் பட்டைகள் கையை நீட்டித் தேடுகிறதுபோல் விரிந்து விரிந்து சக்கரத்தைக் கீழே விட்டன. சக்கரம் வாய்க்காலின் தரையைத் தொட்டது. பிடித்தது.

அச்சு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, குறுக்காகச் சாய்ந்து நின்றது. குடமும் அதோடு சேர்ந்து சாய்ந்து உயர்ந்து, கல்லை உரசாமல் அதன் தோளோரமாகக் கடந்தது. அதற்கு மேலே வண்டியின் உடம்பு கொஞ்சமாக அசைந்தது, அவ்வளவுதான். இத்தனை பெரிய மலை கீழே புரண்டதே மேலே தெரியாதது மாதிரி.

சக்கரம் கல்லை விட்டு இறங்கியது. பட்டைகள் மறுபடி வில்லாயின.

வீரணன் குனிந்தபடியே இருந்தார். சேறு முட்டிவரை ஏறியிருந்தது. சந்தையில் எத்தனையோ காளைகளின் நெஞ்சுக்கு நேராக நின்றவர், எதற்கும் வாய் பிளக்காதவர். கைகள் அவர் அறியாமலே சேர்ந்திருந்தன. யாரைக் கும்பிடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. வண்டியையா, கல்லையா?

"ஏறலையாண்ணே?"

"இன்னொரு தடவை போங்க மாஸ்டர். இன்னொரு தடவை பார்க்கணும்."

"திரும்பி வரும்போது நீங்க ஓட்டுவீங்க. நான் பார்க்கிறேன்."

ஏழுசுனையில் பேச்சி வாசலிலேயே நின்றாள். முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஜீப்பின் பின்பக்கம் மெத்தை போட்டு, மாமியாரின் மடியில் அவளைச் சாய்த்தார்கள். வண்டி கிளம்புவதற்கு முன் பேச்சி கேட்டாள்.

"அப்பா, அந்தக் கல்லு இருக்காமே. எங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

"இருக்கு."

"வந்ததும் சொல்லுங்க. கெட்டியாப் பிடிச்சுக்கிறேன்."

வீரணன் தலையை ஆட்டினார். பேச்சி வயிற்றை இரண்டு கையாலும் அணைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

வீரணன் ஓட்டினார். ஹாரன் அடிக்கவில்லை. யாரையும் திட்டவில்லை. குறுக்கே வந்த ஒரு மாடு நின்று யோசித்தபோது, அது முடிவெடுக்கும்வரை காத்திருந்தார். வளைவு வந்தது. மாஸ்டர் இறங்கிப் பின்னால் நடந்தார்.

சொல்ல வேண்டும் என்று வீரணனுக்கு நினைவிருந்தது. வாயைத் திறந்தார். கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, எப்போது எப்போது என்று காத்திருந்த முகம். வாயை மூடிக்கொண்டார். சக்கரத்தைக் கல்லின் மேல் வைத்தார். அடியில் என்ன நடக்கிறது என்று இப்போது அவருக்குக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. நிமிர்வதும், நழுவுவதும், இறங்கித் தொடுவதும் உட்கார்ந்த இடத்தில் தெரிந்தன. துண்டுக்கு அடியில் விரல் தெரிவது மாதிரி. அவர் தோள்கள் இறங்கின. அது சொன்னபடியெல்லாம் ஸ்டீயரிங்கை விட்டுக் கொடுத்தார்.

முன்சக்கரம் இறங்கியது. பின்சக்கரம் இறங்கியது.

வளைவுக்குச் சற்றுக் கீழே, அடிவாரப் பாலம் வந்தபோது வண்டியை ஓரங்கட்டினார். பின்னால் மாஸ்டர் நடந்து வந்துகொண்டிருந்தார். எதிரே தார் ரோடு. அதற்கப்பால் ஆஸ்பத்திரிக் கட்டடம் வெயிலில் தெரிந்தது. வண்டி நின்றதை உணர்ந்து பேச்சியின் கை இன்னும் இறுகியது. கண்ணைத் திறக்கவில்லை.

"அப்பா, கல்லு வந்துருச்சா?"

வீரணன் திரும்பிப் பார்த்தார். கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

மாஸ்டர் வந்து பின்கதவைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துச்சு, தாண்டியாச்சு தாயி" என்றார். "அது அதே உசரத்துலதான் நிக்குது."